அறிவியல் நகரில் சமூக அறிவியலின் இடம்

1898 டிசம்பர் 31. புதிய வைஸ்ராயாகப் பொறுப்பேற்கவிருந்த கர்சன் பிரபு பம்பாயில் வந்திறங்கிய மறுநாள். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் ஆய்வுப் பல்கலைக்கழகத் திட்டத்தை ஏந்திய தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்தது. அத்திட்டத்தில் மூன்று பெரும் பிரிவுகள் இருந்தன. அறிவியலும் தொழில்நுட்பமும் ஒன்று, மருத்துவம் மற்றொன்று. மெய்யியலும் கல்வியியலும் என்று பெயரிடப்பட்ட மூன்றாவது பிரிவின் கீழ் அறவியல், உளவியல், இந்திய வரலாறு, தொல்லியல், புள்ளியியல், பொருளியல், ஒப்பியல் மொழிநூல் ஆகியவை வைக்கப்பட்டிருந்தன. இன்றைய வழக்கில் அதனைச் சமூக அறிவியல் புலம் என்றே சொல்லலாம்.

அந்தப் பல்கலைக்கழகமே பின்னாளில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் ஆனது. 1900இல் இந்தியா வந்த வேதியியலாளர் வில்லியம் ராம்சே பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் தந்தது. 1909இல் கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. 1911இல் மாணவர்கள் வந்தனர். அப்போது அங்கே இருந்தவை வேதியியலும் மின் தொழில்நுட்பமும்தாம். மூன்றாவது பிரிவு பத்தாண்டுகாலக் கடிதப் போக்குவரத்திலும் குழு அறிக்கைகளிலும் உதிர்ந்துபோயிருந்தது. திட்டம் முழுவதன்மீதும் கர்சன் எழுப்பிய ஐயங்கள் இரண்டு: போதிய மாணவர்கள் வருவார்களா, படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே? இந்த இரண்டாவது கேள்வி இன்றும் ஒவ்வொரு ஜூன் மாதமும் பெங்களூரின் வீடுகளில், பி.ஏ. சேர விரும்பும் பிள்ளைகளிடம் கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் அது வைஸ்ராயின் கேள்வி என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பல்கலைக்கழகப் பாடத் தேர்வை விருப்பம், மதிப்பெண், குடும்பத்தின் பொருள்நிலை ஆகியவற்றின் கூட்டாகவே பெரும்பாலும் விளக்குகிறோம். அவை உண்மையே. எனினும் மாணவர் விண்ணப்பத்தில் கைவைப்பதற்கு முன்பே, எந்தப் பாடம் எந்த ஊரில், எந்த மொழியில், யாரிடம் கிடைக்கும் என்பதை வேறு யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். பெங்களூரின் வரலாற்றில் இந்த முன்தீர்மானம் துலக்கமாகத் தெரிகிறது.

மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. விசுவேசுவரய்யா 1881இல் அங்கிருந்தே பட்டம் பெற்றார். ஒசூரில் பள்ளிப் படிப்பை முடித்த ராஜாஜி அங்கே பி.ஏ. படித்துவிட்டுச் சட்டம் பயிலச் சென்னை சென்றார். அந்தத் தலைமுறைக்குக் கலைப் படிப்பு என்பது பெரும்பாலும் சட்டத்திற்கோ அரசுப் பணிக்கோ செல்லும் படிக்கட்டு. சமூகத்தைப் பற்றிய ஆய்வு தனிப் பாடமாக வகுப்பறைக்குள் இன்னும் வரவில்லை.

1916 ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே, சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரசர், விசுவேசுவரய்யா திவான், எச். வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தர். பல்கலைக்கழகம் இரண்டு கல்லூரிகளின் மீது எழுப்பப்பட்டது. மைசூரின் மகாராஜா கல்லூரிக்குக் கலைப் புலமும், பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரிக்கு அறிவியல் புலமும் ஒதுக்கப்பட்டன. மறு ஆண்டே பெங்களூரில் பொறியியல் கல்லூரி தொடங்கியது. ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடங்களையும் இரு ஊர்களில் இரட்டிக்காமல் இருக்க இது சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அதன் விளைவாகப் பெங்களூர் மாணவர் ஒருவர் வரலாற்றையோ பொருளியலையோ மெய்யியலையோ மேல்நிலையில் படிக்க எண்ணினால், மைசூருக்கு ரயிலேற வேண்டியதாயிற்று. பெங்களூர் ‘அறிவியல் நகரம்’ ஆனதற்குத் தட்பவெப்பத்தையும் டாட்டாவையும் காரணம் காட்டுவோர், இந்த நிர்வாகப் பிரிவினையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மைசூருக்குச் சென்றவர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. மகாராஜா கல்லூரியில் அப்போது கூடியிருந்த ஆசிரியர் குழாம் வியப்பூட்டக்கூடியது. 1918 முதல் 1921 வரை ராதாகிருஷ்ணன் அங்கே மெய்யியல் பேராசிரியர். ராதா குமுத் முகர்ஜி வரலாறு கற்பித்தார், கே. டி. ஷா பொருளியல் கற்பித்தார். கல்கத்தாவின் மெய்யியலாளர் பிரஜேந்திரநாத் சீல் 1920களில் துணைவேந்தராக இருந்தார். மெய்யியல் பேராசிரியர் ஏ. ஆர். வாடியா ‘சமூக மெய்யியல்’ என்னும் சிறப்புப் பட்டப் படிப்பை வடிவமைத்தார். இந்தியாவில் சமூகவியல் பாடம் முதலில் வேரூன்றிய கல்கத்தா, பம்பாய், மைசூர் என்னும் மூன்று நகரங்களில் இரண்டு பிரிட்டிஷ் இந்தியாவின் பெருநகரங்கள். மூன்றாவது ஒரு சமஸ்தானத்தின் அரண்மனை நகர்.

அந்தப் படிப்பில் யார் சேர முடிந்தது என்பது வேறொரு கதை. பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டுகளில், சமஸ்தானத்தின் அரசுப் பணிகளிலும் உயர்கல்வியிலும் பிராமணர் ஆதிக்கம் குறித்த முறையீடுகள் வலுத்தன. ஒக்கலிகர், லிங்காயத்து அமைப்புகள் கல்விக்காகத் திரண்டிருந்தன. 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் அரசர் ஒரு குழுவை அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்று கருதிய விசுவேசுவரய்யா இதனை ஏற்கவில்லை. அவர் திவான் பதவியிலிருந்து விலகியதற்கு இக்கருத்து வேறுபாடு முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மில்லர் குழுவின் பரிந்துரைகளை ஏற்று மைசூர் அரசு 1921இல் ஆணை பிறப்பித்தது. அதே 1921 செப்டம்பரில் சென்னையில் நீதிக்கட்சி அரசின் வகுப்புவாரி ஆணை வந்தது. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இரண்டாவதை விரிவாகப் பேசுகிறார்கள். முதலாவதை அருகருகே வைத்துப் படிப்பது குறைவு. சமூகம் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மைசூரில் பாடத்திட்டத்திற்குள் நுழையும் முன்பே அரசாணைக்குள் நுழைந்துவிட்டது.

பல்கலைக்கழகம் பிறந்த அதே 1916இல், நவம்பர் மாதம், மைசூரில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பமொன்றில் எம். என். சீனிவாஸ் பிறந்தார். இந்தியச் சமூகவியலின் பெரும்பெயர்களுள் ஒன்றாக ஆன இவர், மகாராஜா கல்லூரியில் வாடியாவின் சமூக மெய்யியலைப் படித்து 1936இல் பட்டம் பெற்றார். சமூகவியல், சமூக மானிடவியல், அறவியல், அரசியல் சிந்தனை வரலாறு என எல்லாவற்றையும் ஒரே பட்டத்திற்குள் அடைத்த படிப்பு அது. ஒரு இளங்கலை மாணவரிடம் இத்தனையையும் எதிர்பார்த்தது சற்று மிகை. ஆழமான பயிற்சி அதில் கிடைத்திருக்க முடியாது. ஆனால் எதை ஆழமாகப் படிக்க வேண்டும் என்று தேடுகிற ஒருவருக்கு, எல்லாக் கதவுகளும் திறந்திருந்த முற்றமாக அது இருந்திருக்கும். (வாடியா 1923இலேயே பெண்ணியத்தின் அறம் குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் என்பதும், பின்னாளில் பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் கழகத்திற்கு இயக்குநரானார் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.)

பட்டத்திற்குப் பிறகு சமூகவியலைத் தொடர மைசூரிலும் வழியில்லை. பெங்களூரிலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சீனிவாஸ் பம்பாய் சென்று ஜி. எஸ். குர்யேயிடம் முதுகலை பயின்றார். உடன் சட்டமும் படித்தார். இந்தச் சட்டப் படிப்பு கவனிக்கத்தக்கது. சமூக அறிவியலைத் தேர்ந்த மாணவர், அது கைவிட்டால் பிடித்துக்கொள்ள வேறொரு பட்டத்தையும் அருகில் வைத்துக்கொள்ளும் பழக்கம் 1930களிலேயே இருந்தது. முதுகலை ஆய்வேடு 1942இல் மைசூரின் திருமணமும் குடும்பமும் பற்றிய நூலாக வெளிவந்தது. குர்யேயின் ஆய்வு உதவியாளராகத் தமிழ்ப் பகுதிகளில் அலைந்த நாட்களில் திரட்டிய தமிழ் நாட்டுப்புறப் பாடல்களை 1943இல் பம்பாய்ப் பல்கலைக்கழக இதழில் வெளியிட்டார். சீனிவாஸை ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடும் தமிழ் வாசகர்கள் இந்தச் சிறு வெளியீட்டைத் தேடிப் பார்க்கலாம். பிறகு ஆக்ஸ்போர்டு, குடகு மக்களைப் பற்றிய 1952ஆம் ஆண்டு நூல், பரோடாவிலும் தில்லியிலும் பேராசிரியர் பணி.

1948இல் அவர் மைசூருக்கு அருகில் ‘ராம்புரா’ எனத் தாம் பெயரிட்ட ஊரில் தங்கிச் செய்த களப்பணிக்குச் சென்னையில் ஒரு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் அவரவர் கிராமத்தை ஆராய்ந்து எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களின் ஆய்வுகள் 1918இல் நூலாயின. இருபது வயது மாணவர்கள் தம் ஊரின் நிலவுடைமை, கடன், கூலி, சாதி ஆகியவற்றைக் கணக்கெடுத்தார்கள். ஐந்து ஊர்களும் 1930களில் மறு ஆய்வு செய்யப்பட்டன. ஒரு பாடத்திட்டம் மாணவரை எங்கே அனுப்புகிறது என்பதைக் கொண்டு அதனை மதிப்பிடுவதென்றால், ஸ்லேட்டரின் வகுப்புக்கு நிகரானவை பின்னாளில் அதிகம் இல்லை.

பெங்களூருக்கு வருவோம். 1940களின் இறுதியில் இந்திய அறிவியல் கழகத்திலேயே பொருளியல், சமூக அறிவியல் துறை ஒன்று தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் கைவிடப்பட்ட மூன்றாவது பிரிவு சிறிய வடிவில் திரும்பியதுபோல் இருந்தது. ஆனால் அது சமூக ஆய்வின் திசையில் வளரவில்லை. தொழில் நிர்வாகமாக உருமாறி, இன்று மேலாண்மைத் துறையாக இருக்கிறது. விமானத் தொழிற்சாலையும் தொலைபேசித் தொழிற்சாலையும் எழுந்துகொண்டிருந்த ஊரில், சமூகம் பற்றிய அறிவுக்குக் கிடைத்த வாடிக்கையாளர் தொழிற்சாலை நிர்வாகிதான்.

1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்தது. சென்ட்ரல் கல்லூரி அதன் வசமாயிற்று. 1970களில் ஞானபாரதி வளாகம் உருவானது. முதன்முறையாகப் பெங்களூர் மாணவர் ஊரை விட்டுப் போகாமலே சமூக அறிவியலில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற முடிந்தது. இதே காலத்தில் காஞ்சிபுரத்தில் பிறந்தவரும் தில்லிப் பொருளியல் பள்ளியை நிறுவியவருமான வி. கே. ஆர். வி. ராவ், 1972இல் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைப் பெங்களூரில் தொடங்கினார். அதற்குத் துணைநிற்கச் சீனிவாஸ் தில்லியை விட்டு வந்தார். வாடியாவின் வகுப்பை விட்டுச் சென்று முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, கன்னட நாட்டில் ஒரு சமூக அறிவியல் நிறுவனத்தைக் கட்டும் பணி அவருக்கு வாய்த்தது. ராம்புரா பற்றிய நூலை அவர் முடித்ததும் இக்காலத்திலேயே. 1970இல் ஸ்டான்ஃபோர்டில் மூண்ட தீயில் களக்குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்துபோக, பெரிதும் நினைவைக் கொண்டே எழுதிய அந்நூல் 1976இல் வெளிவந்தது.

இந்த நிறுவனத்தின் வடிவத்தில்தான் இன்றைய சிக்கலின் வேர் இருக்கிறது. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழு 1969இல் தோன்றிய பிறகு, அதன் ஆதரவில் நாடெங்கும் ஆய்வு நிறுவனங்கள் வளர்ந்தன. சென்னையில் மால்கம் ஆதிசேசய்யா 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும், திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையமும் அந்த வரிசையில் வருபவை. பல்கலைக்கழகங்களின் அன்றாடக் குழப்பங்களிலிருந்து ஆய்வாளர்களை விடுவித்து வைப்பது நல்ல நோக்கம். நடந்தது என்னவென்றால், சிறந்த ஆய்வாளர்கள் பலர் இளங்கலை வகுப்பறையிலிருந்து விலகினார்கள். பி.ஏ. மாணவருக்குப் பாடநூலும் வழிகாட்டிக் கையேடும் மிஞ்சின. நாகரபாவியில் ராவின் நிறுவனமும் ஞானபாரதி வளாகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு கல்லூரி மாணவர் அந்த நிறுவனத்தின் நூலகத்திற்குள் இளங்கலைக் காலத்தில் ஒருமுறையேனும் கால்வைக்கிறாரா என்று விசாரித்தால், விடை மகிழ்ச்சி தருவதாக இருக்காது. சீனிவாஸுக்கு வாடியா பதினெட்டு வயதில் கிடைத்தார். இன்றைய மாணவருக்கு அத்தகையவர் கிடைப்பதானால், பெரும்பாலும் முனைவர் பட்டப் பதிவின்போதுதான்.

மொழி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகக் குவெம்பு இருந்த 1956 முதல் 1960 வரையிலான காலத்தில் கன்னடவழிக் கல்விக்கு உரம் கிடைத்தது. தமிழகத்தில் 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழ்வழியில் தொடங்கியது. இரு மாநிலங்களிலும் தாய்மொழிவழி உயர்கல்வி முதலில் தொட்டவை வரலாறு, பொருளியல், அரசியல் போன்ற பாடங்களே. அறிவியலும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. இது நியாயமான தொடக்கம்; முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல்லாயிரவருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் மேல்நிலை ஆய்வும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தை விட்டு இறங்கவில்லை. கோலாரிலோ கிருஷ்ணகிரியிலோ அரசுக் கல்லூரியில் தாய்மொழியில் சமூகவியல் படித்தவர், பெங்களூரின் ஆய்வு நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு நுழைவுத் தேர்வுகளை எழுதுகிறார்: ஒன்று பாடத்திற்கு, மற்றொன்று மொழிக்கு. இரண்டாவது எந்த அறிவிக்கையிலும் அச்சாவதில்லை. ராம்புராவின் நிலவுடைமை ஒக்கலிகர்களைக் கொண்டு ‘ஆதிக்க சாதி’ என்ற கருத்தைச் சீனிவாஸ் வகுத்தார். அதுபோன்ற ஊர்களில் அந்த ஆதிக்கத்தின் கீழே வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அக்கருத்தைத் தம் மொழியில் கற்று, ஆங்கிலத்தில் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

1980களுக்குப் பிறகு பெங்களூரில் வாய்ப்புகள் பெருகின. தேசியச் சட்டப்பள்ளி 1988இல் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் ஐந்தாண்டுப் பட்டத்திற்குள் வரலாறும் சமூகவியலும் பொருளியலும் இடம்பெற்றன. சீனிவாஸ் பம்பாயில் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்ட இரு படிப்புகள் இங்கே ஒரே பட்டமாயின. 1988இல் ஜே. ஆர். டி. டாட்டாவின் முயற்சியில், இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தேசிய உயராய்வு நிறுவனம் எழுந்தது. சீனிவாஸ் தம் இறுதி ஆண்டுகளில், 1999 நவம்பரில் மறையும்வரை, அங்கே வருகைப் பேராசிரியராக இருந்தார். டாட்டா குடும்பத்தின் முதல் திட்டத்தில் இருந்த மூன்றாவது பிரிவு தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் ஓரளவு நனவானது என்று கொள்ளலாம், ஆயின் பி.ஏ. மாணவருக்கு அங்கும் வகுப்பு இல்லை. 2010இல் மாநிலச் சட்டத்தின் வழி அமைந்த அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் பின்னர் இளங்கலையையும் தொடங்கி, ஆய்வாளரையும் பி.ஏ. மாணவரையும் ஒரே வளாகத்தில் சேர்க்க முயல்கிறது. அது தனியார் அறக்கட்டளையின் முயற்சி. 1916இல் அரசு செய்ததை இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தின் செல்வம் செய்கிறது என்பதை மகிழ்ச்சியோடு மட்டும் கடந்துவிட முடியாது.

பெரும்பான்மையோர் படிப்பது இவை எதிலும் அல்ல. வரலாறு–பொருளியல்–அரசியல், பொருளியல்–அரசியல்–சமூகவியல் என மூன்று முதன்மைப் பாடங்களைச் சேர்த்துத் தரும் கல்லூரிகளில்தான் அவர்கள் இருக்கிறார்கள். வாடியாவின் முற்றத்தின் எளிய வாரிசு என்று இந்த மும்மைப் பாட அமைப்பைச் சொல்லலாம். பதினேழு வயதில் ஒரு துறைக்குள் அடைபடாமல், மூன்றையும் உரசிப் பார்க்கும் வாய்ப்பு அதில் உண்டு. அதன் குறைகளும் வெளிப்படையானவை: மேலோட்டம், மனப்பாடம், களப்பணியின்மை.

இந்த அமைப்பையும் அண்மை ஆண்டுகள் குலுக்கின. கர்நாடகம் 2021இல் தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுச் சிறப்புப் பட்ட முறைக்கு மாறியது. 2023இல் சுக்தேவ் தோரட் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் அமைந்தது. அதன் இடைக்கால அறிக்கையைத் தொடர்ந்து 2024–25 கல்வியாண்டு முதல் மூன்றாண்டுப் பட்டம் திரும்பியது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள், தமக்கு முன்னும் பின்னும் வந்தவர்களிடமிருந்து வேறுபட்ட பாடத்திட்டத்தில் படித்தவர்களாக இருக்கிறார்கள். முதுகலைச் சேர்க்கையில் அவர்களுடைய மதிப்பெண் பட்டியலை எந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது என்பது துறைத்தலைவர்கள் தீர்க்க வேண்டிய கணக்கு. அந்த மாணவர்கள் தேர்ந்தது சமூகவியலையோ வரலாற்றையோ மட்டுமே. நான்காண்டு முறையை அவர்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.